உதவாதவர் என்று ஒரு சான்றிதழ்

நான் வேலை பார்த்த அலுவலகம் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு நேர் எதிரே இருந்தது. இந்தத் தீவில் கூலியாக வந்து இறங்கிய ஒவ்வொருவருடைய பெயரும் எங்கள் பதிவேடுகளில் இருந்தது. வந்த நாள், வந்த கப்பல், உயரம், உடம்பில் உள்ள மச்சம், தொழில் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தோம். முப்பத்தோரு ஆண்டுகள் அந்தக் கட்டங்களை நிரப்பினேன். இப்போது ஓய்வு. என் ஓய்வூதியத்துக்கான மனுவையும் நானே எழுதினேன். எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த ஒருவனுக்கு அரசாங்கம் செய்யக்கூடிய அதிகபட்ச மரியாதை அதுதான்.

வந்து இறங்கியவனுக்குப் பெயரும் அடையாளமும் எழுதிய ஒரு டிக்கெட் கொடுப்போம். அதைச் சுருட்டித் தகரக் குழலில் போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். தாலி அறுந்தால்கூடப் பெண்கள் அவ்வளவு பதறியதில்லை. குழல் தொலைந்தால் ஆண்கள் பதறினார்கள். காகிதம் இல்லாமல் சாலையில் அகப்பட்டவன் நாடோடி. நாடோடிக்கு லாக்கப். அங்கிருந்து வெளியே வர எல்லா ஊர்களுக்கும் தெரிந்த வழி ஒன்றுதான்: நாலு பேர் போய், இவன் இன்ன இடத்தில் இன்ன வேலை செய்கிறவன், நல்ல உழைப்பாளி என்று சாட்சி சொல்ல வேண்டும். வேலை உள்ளவன் நாடோடி அல்ல. வடக்கே ட்ரியோலேயிலிருந்து தெற்கே கடற்கரை வரை எந்தக் கிராமத்திலும் சிறு பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தெரியாதது வேறொன்று. காகிதம் உள்ளவன் ஒப்பந்தத்தை முடித்தால் தன் செலவில் ஊருக்குக் கப்பல் ஏறலாம். காகிதம் இல்லாதவன் ஏறுவதற்கும் ஒரு வழி இருந்தது. அவன் எந்த வேலைக்கும் உதவாதவன் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டால் அடுத்த கப்பலில் அரசாங்கமே ஏற்றி அனுப்பிவிடும். உதவுகிறவன் என்று தெரிந்தால் ஏதாவது ஒரு தோட்டத்துக்கு ஐந்து வருஷம் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. கரும்பு வெட்ட மட்டும் தெரிந்தவனுக்கு இடுப்பு விட்டுப்போனால் விடுதலை. கொத்தனுக்கு இடுப்பு விட்டுப்போனால், நின்றபடி மற்றவர்களை வேலை வாங்கலாம் என்று குறிப்பெழுதி அவனை நிறுத்திக்கொண்டார்கள். தச்சன், கொல்லன், சாரட்டு வண்டிக்குச் சக்கரம் கட்டுகிறவன் ஆகியோர் நான் இருந்த காலத்தில் இந்த வழியில் ஊர் திரும்பியதாக நினைவில்லை. நாங்கள் திருப்பி அனுப்பியவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் யாராவது நின்று பார்த்திருந்தால், இந்தத் தீவுக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு தொழிலும் தெரியாது என்றே முடிவு செய்திருப்பார்கள்.

என் தகப்பனாருக்கு ரோஸ் பெல்லுக்குத் தெற்கே கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. தோட்டத்துக்காரர்கள் கல் நிறைந்த ஓரங்களைத் துண்டு போட்டு விற்றபோது வாங்கியது. அந்த நிலத்தின் மூலையில் ஒரு குடிசையில் பாகுக்காரர் குடியிருந்தார். பக்கத்து ஆலையில் சீனிப் பாகுக்குப் பதம் பார்க்கிறவர். கொதிக்கிற பாகில் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுப்பார். கம்பி எவ்வளவு நீளம் வருகிறது, எங்கே அறுகிறது, அறுந்த நுனி எப்படிச் சுருள்கிறது என்று பார்த்துவிட்டு, "இறக்கு" என்பார். கொஞ்சம் முந்தினால் சீனி கட்டாது, பிந்தினால் கருகும். அவர் சொன்ன கணம் தப்பியதில்லை. காரைக்கால் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். அப்பன், பாட்டன் எல்லோரும் அதே வேலை.

இத்தனை கெட்டிக்காரருக்குக் காகிதம் கிடையாது. ஒரு கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாக வந்து, போர்ட் லூயிஸில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர், குடத்தைக் கரையில் வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கப்பல் சோறு தின்னிருக்கியா தம்பி?" என்றார். அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை.

ஆலை நிர்வாகத்துக்கு இது தெரியும். தெரிந்தேதான் வைத்திருந்தார்கள். காகிதம் இல்லாதவன் வேறு ஆலைக்குப் போக மாட்டான், புகார் சொல்ல மாட்டான். கணக்கில் அவர் ஒரு கரும்பு வெட்டும் கூலி. சீனி மட்டும் அவருடையது.

ஒரு வருஷம் சித்திரையில் அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்திருந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அண்ணன் எழுதியிருந்தார். நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிகிறது. உன் பேரில் அவ்வப்போது கடிதம் வருகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில் இருக்கிறது. நீ உயிரோடு இருந்து எழுதுகிறாயா, நீ போனபின் வேறு யாரோ எழுதுகிறார்களா என்று ஊரில் சந்தேகம். ஆடி அமாவாசைக்குள் ஆளாக வந்து நில். வராவிட்டால் வழக்கப்படி தர்ப்பையில் பொம்மை செய்து உனக்குக் கொள்ளி வைத்துவிடுவோம். பதினாறாம் நாள் உன் பெண்சாதிக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம்.

கடிதங்களில் கடைசி நாலு என் கையெழுத்து. அதற்கு முந்தியவை கோயில் பண்டாரம், ஒரு கடைக்காரர், யாரோ ஒரு கப்பல்காரன் எழுதியவை.

"என்ன செய்வாங்க அவளுக்கு?" என்று கேட்டார், தெரியாதவர் போல.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"தெரியும். வேற யாராச்சும் வாயால சொன்னா வேற மாதிரி இருக்குமோன்னு பார்த்தேன்."

அவர் பெண்சாதிக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் அவள் பங்குக்கு ஒரு வயல் இருந்தது, அது அண்ணனுடைய வயலை ஒட்டி இருந்தது என்பதையும் சொன்னார். அதன் பிறகு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உயிரோடு இருக்கிறார் என்று அலுவலகத்திலிருந்து ஒரு சான்றிதழ் அனுப்பலாமா என்று யோசித்தேன். அதற்கு முதலில் பதிவேட்டில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பதிவேட்டின்படி அவர் இந்தத் தீவுக்கு வரவே இல்லை. வராதவர் இங்கே உயிரோடு இருப்பதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு கப்பல் சென்னைக்குப் போவதாக இருந்தது. அதை விட்டால் அறுவடை முடியும்வரை வேறு கப்பல் கிடையாது. ஆகவே நடைமுறைகளை விரல்நுனியில் வைத்திருந்த நான் ஒரு திட்டம் போட்டேன். பாகுக்காரர் தாடி வளர்க்க வேண்டும், குளிக்கக்கூடாது, பத்து நாள் அரைவயிறு சாப்பிட வேண்டும். பிறகு சாலையில் போய்ப் போலீஸ்காரன் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். அகப்பட்டதும் காகிதம் இல்லை, வேலை இல்லை, உடம்பு முடியவில்லை என்று சொல்ல வேண்டும். கை நடுக்கம் இருந்தால் நல்லது. எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருவார்கள். டாக்டர் பார்ப்பார். மொழிபெயர்ப்பது நான்.

"வேலை தெரியுமான்னு கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"எந்த வேலையுமா?"

"எந்த வேலையும்."

அவர் தன் கையைப் பார்த்தார். "சரி, பொண்டாட்டிக்காகத்தானே," என்றார்.

யாருக்கும் சொல்லாதீர்கள் என்றேன். ஆலைக்குத் தெரிந்தால் கெட்டது. ஆகையால் ஊருக்கும் தெரியக்கூடாது. இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். பிற்பாடு எத்தனையோ முறை அந்தத் திட்டத்தை மனத்துக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் ஓட்டை இல்லை.

எல்லாம் சொன்னபடி நடந்தது. பாகுக்காரரைப் போலீஸ் பிடித்தது. லாக்கப்பில் நாலு நாள் வைத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். காலை பத்து மணிக்கு அவரைப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பெஞ்சில் ஒரு பழைய சாக்கு மாதிரி கிடந்தார். நடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. டாக்டர் இந்தத் தீவிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர். கிரியோல் பேசுவார், தமிழ் தெரியாது. மேலதிகாரி ஆங்கிலேயர், அவருக்கு இரண்டும் தெரியாது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், என்ன தொழில் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் பாகுக்காரர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது.

டாக்டர் பேனாவை மையில் தோய்த்தார்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் இருபது பேருக்குக் குறையாமல் மேலே வந்துகொண்டிருந்தார்கள். ரோஸ் பெல்லில் முதல் ரயில் பிடித்திருக்கிறார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி, சிலர் கோட்டு. முன்னால் ஒருவர் தட்டில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு, அம்மன் சந்நிதிக்கு வருகிற மாதிரி வந்தார். எல்லாருக்கும் முன்னால் ஆலை வாசலில் மிளகாய் வடை விற்கிற அம்மாள். ஒரு ஆள் காகிதமில்லாமல் அகப்பட்டால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்ய வந்திருந்தார்கள்.

மேலதிகாரி, யார் இவர்கள் என்று கேட்டார். ஊர்க்காரர்கள் என்றேன்.

"அந்த மனுசனைப் பாருங்க, என்ன கதிக்கு ஆளாக்கியிருக்கானுங்க!" என்றாள் வடைக்கார அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "கிளார்க்கு தம்பி, நீ இங்கதானே இருக்கே? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா? நாங்களாத் தெரிஞ்சு வர வேண்டியிருக்கு!" என்றாள்.

தட்டு பிடித்திருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார். "மகாராஜராஜஸ்ரீ துரை அவர்களுக்கு விண்ணப்பம். இவர் நாடோடி இல்லீங்க. இவரைப்போலச் சீனி காய்ச்சுற ஆள் இந்தத் தெற்கு சீமையிலேயே கிடையாது. பன்னண்டு அறுவடை காய்ச்சியிருக்காரு. குடிக்க மாட்டாரு. சும்மா ஒரு நாள்கூட வேலைக்கு வராம நின்னதில்லே. எங்களை நம்பி விட்டுடணும்."

மேலதிகாரி என்னைப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் நான் வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்த்தேன். இந்த ஆள் ஊருக்குப் பாரமாக இருக்கிறான், பன்னிரண்டு வருஷமாக நாங்கள்தான் கஞ்சி ஊற்றுகிறோம், இனி முடியாது, தயவுசெய்து அவன் ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்கிறார்கள் என்றேன். மேலதிகாரி தலையசைத்தார். டாக்டர் மறுபடி பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார். இதைக் கேட்க வருகிறவர்களுக்குத் தேங்காய் எதற்கு என்று அவர்கள் இருவரும் கேட்டுவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் கேட்கவில்லை. ஆனால் வடைக்கார அம்மாள் பேனாவைப் பார்த்துவிட்டாள். எழுத்து என்றால் தண்டனை என்பது அவளுடைய அனுபவம். அவள் டாக்டரிடம் நேராகக் கிரியோலில் பாய்ந்தாள்.

"நோ மிஸ்யே! லி கோன் க்வி திசிக்! சீனி காய்ச்சத் தெரிஞ்சவரு, மிஸ்யே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கிரியோலில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் பத்துப் பதில் சொன்னாள். அதோடு விடாமல், முந்தானையிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு கைப்பிடி சீனி. அது இவர் காய்ச்சியது, வாயில் போட்டுப் பாருங்கள் என்றாள்.

"அம்மா, சும்மா இருங்க," என்றேன் தமிழில், உதடு அசையாமல்.

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? ஒனக்கு நாக்கு சுளுக்கிடுச்சுன்னா எனக்குமா? இத்தனை படிச்சு நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொல்லத் துப்பில்லே!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

டாக்டருடைய குடும்பத்தில் ஆலை வைத்திருந்தார்கள். அவர் சீனியை உள்ளங்கையில் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சிட்டிகை வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார். மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில், இது அப்படியொன்றும் விசேஷமில்லை, நிறம் மங்கல், மணி சிறிது, இவர்கள் சும்மா புகழ்கிறார்கள் என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தில் பாகுக்காரர் கப்பலில் இருந்தார்.

டாக்டர் பேசியது அவருக்குப் புரியவில்லை. முகம் சுளித்தது புரிந்தது. பெஞ்சில் சாக்காகக் கிடந்தவர் எழுந்து மேசைக்கு வந்தார். சீனியைத் தொட்டார். விரலுக்கிடையில் ஒரு முறை உருட்டினார்.

"இது என்னுது இல்லே," என்றார். வடைக்கார அம்மாளைப் பார்த்து, "இதை எங்க எடுத்தீங்க? இது போன அறுவடையில கடைசி வாரம், நான் காய்ச்சல்ல கிடந்தப்ப என் கையாள் பய இறக்கினது. பதம் தப்பி அரை நிமிசம் போயிருக்கு. தெரியலையா? என் சீனி இந்த மாதிரி அழுக்கா இருக்குமா?" என்றார்.

கை நடுங்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது.

அவர் என்ன சொல்கிறார் என்று மேலதிகாரி கேட்டார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். வடைக்கார அம்மாள் டாக்டருக்கு முழுவதையும் கிரியோலில் சொன்னாள். டாக்டர் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று பாஷையில் சுற்றிவந்தும் ஒரு சொல் பிசகவில்லை. என்னைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்.

அறுவடைக்கு மூன்று வாரம் இருந்தது. காகிதமில்லாமல் இருந்ததற்காக அவர் அதே ஆலைக்கு ஐந்து வருஷம் எழுதிக் கொடுக்கப்பட்டார். ஊர்க்காரர்கள் தட்டை மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, கும்பிட்டு, பாகுக்காரரைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். மீட்டுவிட்டார்கள். வாசலில் யாரோ அவர் தோளில் துண்டு போட்டது சன்னலிலிருந்து தெரிந்தது. அவர் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. எனக்கு என் சேவைப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது: மொழிபெயர்ப்பில் கவனக் குறைவு.

ஒப்பந்தத்தை எழுதியவன் நான்தான். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, ஆலையிலிருந்து வந்திருந்த ஆள், "கரும்பு வெட்டும் கூலி" என்றான். சீனி காய்ச்சுகிறவர் என்று எழுதலாமே என்றேன். ஆலைக் கணக்கில் முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கட்டும் என்றான். தொழிலை எஜமான் சொன்னபடி எழுத வேண்டும் என்பது நடைமுறை. எழுதினேன்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தால் அவர் பதிவேட்டுக்குள் வந்துவிட்டார். இப்போது அவர் உயிரோடு இருப்பதற்குப் படிவம் இருந்தது. அன்று மாலையே சான்றிதழ் தயாரித்தேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, அடையாளம், தொழில் எல்லாம் பதிவேட்டில் உள்ளபடி. முத்திரை போட்டு, ஒரு மொழிபெயர்ப்பும் சேர்த்து, அவர் ஏற மாட்டாத அந்தக் கப்பலிலேயே தபாலில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். அவர் குடிசை வாசலில் தாடியை மழித்துக்கொண்டிருந்தார்.

"அரசாங்க முத்திரையா?"

"அரசாங்க முத்திரை."

"அப்ப நம்புவாங்க," என்றார். மூன்று மாதம் அப்படி நம்பிக்கொண்டிருந்தார். நானும்.

பதில் புரட்டாசியில் வந்தது. அறுவடை மும்முரமாக இருந்ததால் ஆலைக்கே கொண்டுபோனேன். கொதிகலன்களின் பக்கத்தில், ஆவியில், சத்தத்தில், கத்திப் படிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் அமாவாசைக்கு முன்பே கிடைத்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் படித்திருக்கிறார்கள். அண்ணன் எழுதியிருந்தார்: பெயரும் ஊரும் சரியாக இருக்கிறது. ஆனால் இந்த ஆள் கரும்பு வெட்டுகிற கூலி என்று போட்டிருக்கிறது. எங்கள் தம்பி மூன்று தலைமுறையாகப் பாகு காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளை, கத்தி பிடித்தவன் இல்லை. அரசாங்கம் பொய் எழுதாது. ஆகையால் இது அதே பெயருள்ள வேறு யாரோ. அமாவாசையன்று காரியத்தைக் குறைவில்லாமல் செய்துவிட்டோம்.

"கொள்ளி யாரு வச்சாங்க?"

"உங்க அண்ணன் மகன்."

"நான் கிளம்பறப்ப தவழ்ந்துக்கிட்டிருந்தான்." கையில் பாகுத் துளி ஆறிக்கொண்டிருந்தது. "அவளைப் பத்தி?"

கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன். "ஒண்ணும் எழுதலே அண்ணே."

"அந்தத் தொழில் கட்டத்துல யாரு எழுதினது?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "தள்ளி நில்லு தம்பி, தெறிக்கும்," என்றார். புதிதாக ஒரு துளி எடுத்து இழுத்துப் பார்த்து, "இறக்கு" என்று கத்தினார்.

ஐந்து வருஷம் முடிந்தது. விதிப்படி அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவர் கேட்காமலே நான் புறப்பாட்டு அனுமதியைத் தயாரித்து எடுத்துக்கொண்டு போனேன். எல்லாக் கையெழுத்தும் இருந்தது. அதில் தொழிலைச் சரியாக எழுதியிருந்தேன். அதற்காக இரண்டு விதிகளை மீறியிருந்தேன். கப்பல் பத்து நாளில்.

அவர் காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"நான் இப்பப் போயி நின்னா அவ என்ன ஆவா?" என்றார். "அறுத்ததைத் திரும்பக் கட்டுவாங்களா? அதுக்கு ஒங்க ஆபீசுல ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்றேன்.

காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆலையில் மறுபடி ஐந்து வருஷத்துக்கு விரல் பதித்தார். பயன்படுத்தப்படாத அனுமதிகளை அலுவலகத்தில் ஒப்படைத்து ரத்துச் செய்ய வேண்டும். ஒப்படைத்தேன். காரணம் என்ற கட்டத்தில், ஆள் விருப்பம் தெரிவிக்கவில்லை என்று எழுதினேன்.